வளர்ப்பு எலி நோயுற்றால்: வெளியூர் மருத்துவமனையா, உள்ளூர் மருந்தகமா, வீட்டு வைத்தியமா?

எலிக்கு மருந்து வேண்டும் என்று கடையில் கேட்டால் எதை எடுத்துத் தருவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். தருமபுரியில் எங்கள் தெருமுனைக் கடையில் நான் ஒருநாள் வாய்தவறி அப்படித்தான் கேட்டுவிட்டேன். கடைக்காரர் சற்றும் தயங்காமல் கீழ்த்தட்டிலிருந்து நச்சுக்கட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்து, "ராத்திரி வச்சீங்கன்னா காலையில ஒண்ணு இருக்காதுக்கா" என்றார். நான் தேடிப் போனதோ, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த 280 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளை எலியைக் காப்பாற்றுவதற்கான மருந்து. என் மகள் அதற்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தாள். உடன்பிறந்த இன்னொன்றின் பெயர் சீரகம்.

நாய்க்கும் பூனைக்கும் உடம்பு சரியில்லாமல் போனால் எங்கே போவது என்பது இன்று சிறு ஊர்களில்கூடத் தெரிந்த செய்திதான். எலி வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் முன் இருப்பவை, சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடி வெளியூர் போவது, உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் காட்டுவது, தொலைபேசி வழியே ஆலோசனை பெறுவது, தாமாகவே மருந்து கொடுப்பது, மருந்தின்றிப் பேணி மட்டும் பார்ப்பது, துன்பமில்லாமல் உயிரைப் பிரியவிடுவது என்னும் வழிகளே. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது நான் பட்டறிந்தது. நோயின் பெயரைக் காட்டிலும், முடிவெடுக்க நமக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது.

எலியின் காலக்கணக்கு நம்முடையது அன்று. அதன் ஆயுளே இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்தான் என்பதால், "ஒரு வாரம் பார்ப்போம்" என்று நாம் தள்ளிப்போடும் ஒரு வாரம் அதன் வாழ்நாளில் நமக்குப் பல மாதங்களுக்குச் சமம். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 70 முதல் 115 முறை மூச்சு விடும் உடம்பு அது. மூக்கின் வழியாக மட்டுமே மூச்சிழுக்கப் பழகியது. ஆகவே மூக்கடைப்பு என்பது நமக்கு இருப்பதுபோல் வெறும் தொல்லை அன்று. இரையாக வாழ்ந்து பழகிய இனமாதலால், நோயைக் கடைசிவரை மறைத்தே வைத்திருக்கும். அது மூலையில் கூனி, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கிறோம் என்றால், நோய் அதற்குப் பல நாள் முன்பே தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். இதனால்தான், கூண்டு வாங்கும்போதே ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்றையும் வாங்கி, வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைக்கச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு சொல்லும். சில நாள்களில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வேறு அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் அது நோய்தான்.

வளர்ப்பு எலிகளை மிகுதியாக வாட்டுவது நுரையீரல் நோய். மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் நுண்ணுயிரி ஏறக்குறைய எல்லா வளர்ப்பு எலிகளின் மூச்சுப்பாதையிலும் குட்டிப்பருவம் முதலே குடியிருக்கிறது. அதை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கத்தான் முடியும். கூண்டில் சிறுநீர் தேங்கி எழும் அமோனியா நெடி, தூசு, பைன் மரத்தூள், குளிர், முதுமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அது தலைதூக்கும். கண்ணோரத்திலும் மூக்கோரத்திலும் செந்நிறமாக ஏதோ உலர்ந்து ஒட்டியிருப்பதைக் கண்டு பலரும் இரத்தம் என்று பதறுவார்கள். அது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பி வெளியிடும் போர்பைரின் என்னும் நிறமி. நோய் அல்லது மன உளைச்சலின் அடையாளமே தவிர இரத்தம் அன்று. கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கைக் காட்டினால் அது செம்மையாக ஒளிரும். கடுகை நான் முதன்முதலாகக் காதருகே தூக்கி வைத்துக் கேட்டபோது, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் உள்ளுக்குள் சின்னச் சின்னச் சொடுக்கொலி கேட்டது. பெயர் வைத்தபோது நாங்கள் இதை எண்ணவில்லை.

வெளியூர்ப் பயணத்திலிருந்து தொடங்குகிறேன். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தொலைவு. பெங்களூரும் கிட்டத்தட்ட அவ்வளவே. 1903-இல் தொடங்கி இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஒருநாள் முழுதும் போய்விடும். போவதால் கிடைப்பவை உள்ளூரில் கிடைக்காதவை: ஊடுகதிர்ப் படம், வாயுவால் மயக்கமூட்டும் கருவி, முந்நூறு கிராம் உடம்பில் கத்தி வைத்துப் பழகிய கை. கட்டி, சீழ்க்கட்டி, வளைந்து வளர்ந்துவிட்ட முன்பல் போன்றவற்றுக்கு இவைதான் தேவை. பெண் எலிகளுக்கு வரும் பால்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எலியின் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரந்து கிடப்பதால் கட்டி எங்கும் முளைக்கும், விரைவாகப் பெருக்கும். பட்டாணி அளவில் எடுப்பது எளிது, எலுமிச்சை அளவுக்கு வந்தபின் எடுப்பது ஆபத்து. இங்கே நமக்கு மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் அவகாசம் இருக்கிறது. முன்கூட்டியே பேசி, நாள் குறித்து, விடியற்காலைப் பேருந்தில் போகலாம்.

மூச்சுத் திணறும் எலிக்கு இதே பயணம் நேர்மாறானது. எலிக்கு வியர்க்காது, நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும் சூட்டைத் தணித்துக்கொள்ளாது, வால்தான் அதற்கு வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழி. 32 பாகை செல்சியசுக்கு மேல் போனாலே தடுமாறும் விலங்கை, ஏப்ரல் மாதத்து நண்பகலில், ஆரன் அலறும் பேருந்தில் மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போவது மருத்துவமனை வாசலில் சடலத்தை இறக்குவதற்குச் சமமாகிவிடக்கூடும். பக்கவாட்டில் வயிறு குழிந்து குழிந்து மூச்சிழுக்கும் எலியை, வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்கும் எலியை, முதலில் அருகில் இருக்கும் மருத்துவரிடமே கொண்டுபோக வேண்டும். தேறிய பிறகு தொலைவைப் பற்றி யோசிக்கலாம். செலவைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசலாம். இருநூறு ரூபாய்க்கு வாங்கிய எலிக்கு வண்டிக்கு மட்டுமே இரண்டாயிரம் கொடுப்பதா என்று என் மாமியார் கேட்டார். அது நியாயமற்ற கேள்வி அன்று. ஆனால் விலை என்பது வாங்கிய அன்றோடு முடிந்த கணக்கு என்பதால், நான் அதை ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டால் எவ்வளவு செலவைத் தாங்க முடியும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. "அவர் மாட்டு டாக்டர்தானே" என்பார்கள். நானும் அப்படித்தான் சில நாள்களை வீணாக்கினேன். அங்கே போனபோது, சினை ஊசிக்கு வந்த கறவை மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டிகளுக்கும் இடையில் அட்டைப்பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து உதவியாளர் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, இதை எப்படிப் பிடிக்கறது, நீங்களே காட்டுங்க" என்று கேட்டார். நெஞ்சின் இருபுறமும் விரல் கொடுத்துத் தூக்கிக் காட்டினேன். வாலைப் பிடித்துத் தூக்காமல் என்னிடம் கேட்டாரே, அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கால்நடை மருத்துவம் படித்த எவரும் தொற்று, அழற்சி, நீர்ச்சத்திழப்பு ஆகியவற்றை அறிந்தவரே. அவருக்கு இல்லாதது எலியின் அளவுக்கணக்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால், உலகில் மருந்தளவு மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கும் விலங்குகளில் எலியும் ஒன்று. அந்த அறிவு ஆய்வகங்களில் குவிந்து கிடக்க, மருந்தகங்களுக்கு வந்து சேரவில்லை.

அவர் அலமாரியில் நமக்கு வேண்டியவை பெரும்பாலும் இருக்கும். எலியின் நுரையீரல் நோய்க்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் என்ரோஃப்ளாக்சசின் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கப்படுவதுதான். வலி மருந்தான மெலாக்சிகாமும் இருக்கும். பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குத் தரக்கூடாது என 2006-இல் இந்தியா தடை செய்த பிறகு அதன் இடத்துக்கு வந்த மருந்து அது, எலிக்கும் ஏற்றது. தோலுக்கடியில் ஏற்றும் உப்புநீர் இருக்கும். ஆக, நாம் கொண்டுபோக வேண்டியது தகவலைத்தான்: அன்று காலை நிறுத்த எடை, வயது, எப்போது முதல் எந்த அறிகுறி, இதுவரை கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கூட்டம் மிகுந்த காலை வேளையில் அவருக்கும் எளிது. இன்னொன்றையும் பணிவோடு நினைவூட்ட வேண்டும். அறுவை என்றால் நாய்க்குச் சொல்வதுபோல் "ராத்திரி முழுக்க ஒண்ணும் குடுக்காதீங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். எலியால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் இரவு முழுதும் பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் இரத்தச் சர்க்கரை குறைந்து கேடுதான் விளையும்.

தொலைபேசி ஆலோசனை தனித்து நின்றால் அரைகுறை. உள்ளூர் மருத்துவரோடு சேர்ந்தால் மிகச் சிறந்தது. பெருநகரத்தில் சிறு விலங்குகளைப் பார்க்கும் மருத்துவருக்கு, மூச்சு விடும் விதத்தை அரை நிமிடக் காணொளியாகவும், காதருகே கேட்கும் ஒலியைத் தனிப்பதிவாகவும், எடைக் குறிப்பைப் படமாகவும் அனுப்பினால், அவரால் பெரும்பாலும் நோயின் திசையைச் சொல்ல முடியும். தொட்டுப் பார்க்க வேண்டியதைச் சொல்ல முடியாது. கட்டி தோலோடு நகர்கிறதா, தசையோடு ஒட்டியிருக்கிறதா என்பதைக் காணொளி காட்டாது. நான் செய்தது இதுதான்: உள்ளூர் மருத்துவரின் ஒப்புதலோடு, அவர் மேசையிலிருந்தபடியே பெங்களூரில் இருந்த மருத்துவரை அழைத்து இருவரையும் பேசவைத்தேன். நான்கு நிமிடப் பேச்சு. ஒருவர் கை பார்த்தது, மற்றவர் கணக்குச் சொன்னார். ஒப்பிடும் வழிகளில் எனக்கு முதலிடம் இந்த இணைப்புக்குத்தான். ஆனால் நோய் வந்த இரவில் எண்ணைத் தேட ஆரம்பித்தால் இது நடக்காது, எலி நன்றாக இருக்கும்போதே பேசி வைத்திருக்க வேண்டும்.

நாமாகவே மருந்து கொடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வாய்ப்பில்லாதவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான், நானும் நின்றேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்துகள் நடைமுறையில் எளிதாகவே கிடைத்துவிடுகின்றன. கோழிப்பண்ணைகள் நிறைந்த நம் பகுதியில் பண்ணை மருந்துக் கடைகளும் உண்டு. சிக்கல் கிடைப்பதில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னால், 300 கிராம் எலிக்கு வேண்டியது 3 மில்லிகிராம். அதாவது அந்தக் கரைசலில் 0.03 மில்லிலிட்டர், ஒரு சொட்டுக்கும் குறைவு. போதாக்குறைக்கு அது கடுமையான காரத்தன்மை உள்ளது, நேரே கொடுத்தால் வாய் வெந்துபோகும். மனிதருக்கான 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் குளிகையை எடுத்துக்கொண்டால், கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு குளிகையில் அறுபதுக்கும் மேற்பட்ட வேளைகளுக்கான மருந்து இருக்கிறது. அதை எந்தக் கத்தியால் அறுபதாகப் பிரிப்பது? குத்துமதிப்பாகக் கிள்ளிப் போட்டால் ஒருநாள் இருமடங்கும் மறுநாள் பாதியுமாகப் போகும்.

ஊசிக்குழலிலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்சுலின் ஊசிக்குழல் கைக்கு எட்டும். அதில் எழுதியிருக்கும் எண்கள் மில்லிலிட்டர் அல்ல, இன்சுலின் அலகுகள். நம் ஊரில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு என்று பிரித்ததும் கிடைக்கிறது, 100 அலகு என்று பிரித்ததும் கிடைக்கிறது. ஒன்றை மற்றொன்றாக எண்ணி அளந்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். ஊசி கழற்றக்கூடிய, நூறில் ஒரு மில்லிலிட்டர் வரை கோடிட்ட சாதாரண ஒரு மில்லிலிட்டர் குழலே பாதுகாப்பானது.

இனி என் தவறு. கடுகுக்கு டாக்சிசைக்ளின் தூளைக் கண்ணளவாகக் கிள்ளி, அது ஆசையாகத் தின்னும் தயிர்ச்சோற்றில் பிசைந்து ஐந்து நாள் கொடுத்தேன். நோய் அசையவில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்துவிடும் என்பதை உள்ளூர் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். என்ரோஃப்ளாக்சசினுக்கும் இது பொருந்தும். மாத்திரை என்றாலே பாலில் கரைத்துக் கொடுக்கும் நம் வீட்டு வழக்கம் இங்கே மருந்தை வெறும் மாவாக்கிவிடுகிறது. மசித்த வாழைப்பழத்திலோ ஒரு துளி தேனிலோ கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இந்த வழியைக் கடைசியில் வைக்கிறேன். மருத்துவர் எடை பார்த்து நீர்த்து அளந்து கொடுத்த மருந்தை வீட்டில் கொடுப்பது வேறு, நாமே நோயும் மருந்தும் முடிவு செய்வது வேறு. முன்னது எல்லாருக்கும் ஏற்றது; சொன்ன நாள்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம், எலி இரண்டாம் நாளே துள்ளினாலும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

வீட்டுப் பேணுகையைத் தனி வழியாக எண்ணுவதே சரியன்று. அது எல்லா வழிகளுக்கும் அடித்தளம். நோயுற்ற எலியின் கூண்டில் ஏணிகளை எடுத்துவிட்டு ஒரே தளமாக்கி, மரத்தூளுக்குப் பதில் பழைய பருத்தித் துணியை விரித்துத் தினமும் மாற்ற வேண்டும், காகிதமும் ஆகும். முதிய எலிக்குப் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டால் தண்ணீர்க் குழாயையும் தாழ்த்த வேண்டும். தின்ன மறுத்தால் கெட்டியான கஞ்சி, வேகவைத்த முட்டை, குழைந்த பருப்பு என்று மணமுள்ளதை விரல்நுனியில் நீட்டினால் பெரும்பாலும் நக்கும். மருந்தை நுண்திவலைகளாக்கும் நெபுலைசர் கருவி பல வீடுகளில் ஆஸ்துமாவுக்காக இருக்கிறது; எலியை மூடியுள்ள ஞெகிழிப் பெட்டியில் விட்டு, காற்றோட்டத்துக்கு இடம் வைத்து, வெறும் உப்புநீரை அதன்வழியே செலுத்தினால் சளி இளகும். 2021-இல் கரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டிகள் எத்தனையோ வீடுகளில் தூசு படிந்து கிடக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து ஓரிரவு அதை இரவல் வாங்கிப் பெட்டிக்குள் குழாயை விட்டபோது, கடுகின் நீலம் பாரித்த பாதங்கள் அரைமணி நேரத்தில் மீண்டும் வெளிர்ச் சிவப்புக்குத் திரும்பின. துணை எலியைப் பிரிக்கத் தேவையில்லை, அதற்கும் அந்த நுண்ணுயிரி முன்பே இருக்கும்; தனிமைதான் நோயாளியை மேலும் வாட்டும். நம் பக்கம் மறக்கக்கூடாதது, தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. கடித்துவிட்டால், பின்னர் காய்ச்சல் வந்தால், எலி கடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது.

உயிரைப் பிரியவிடும் முடிவையும் மற்ற வழிகளோடு ஒன்றாக வைத்தே நிறுக்க வேண்டும், எல்லாம் தோற்றபின் எடுக்கும் முடிவாக அன்று. மயக்கமூட்டி வலியறியாமல் முடித்துவைப்பது மருத்துவர் செய்யக்கூடியது. வீட்டில் தண்ணீரில் அமுக்குவதும் அடிப்பதும் கொடுமை. மனிதன் அல்லாத எந்த உயிரினமும் விலங்கே என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வரையறுக்கிறது. உருவம் சிறியது என்பதற்கு அதில் விலக்கில்லை. கடுகு மருந்தால் ஐந்து மாதம் நன்றாக இருந்தது. பின்னர் வாழைப்பழத்தையும் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, அதே மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போனோம், மாடுகள் வருவதற்கு முன்பு. மகள்தான் பிடித்துக்கொண்டாள்.

சீரகத்துக்கு இப்போது இருபது மாதம். போன ஞாயிறு நிறுக்கும்போது முன்னங்கால் இடுக்கில் துவரம்பருப்பளவு ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. தோலோடு நகர்கிறது, எடை 310 கிராம், மூச்சில் ஒலி இல்லை. வயது ஏறினாலும் நுரையீரல் தெளிவாக இருப்பதால் அறுவையைத் தாங்கும் என்று இரு மருத்துவர்களும் சொல்கிறார்கள். உள்ளூரில் வாயு மயக்கம் இல்லை. அடுத்த செவ்வாய்க்கு நாள் வாங்கியிருக்கிறேன். அதிகாலை நான்கரை மணி வண்டி, ஈரத்துணி சுற்றிய பெட்டி, ஒரு வெள்ளரித் துண்டு.